ஒன்பதாம் மாதத்துப் பாடம்

"தாயும் சேயும் நலம்."

ஒரு காலத்தில் இந்த மூன்று சொற்களும் தந்தியில் வந்தன. இன்று கைப்பேசியில் வருகின்றன. அதைப் படித்ததும் வீடே மகிழ்கிறது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு போகிறது. "சுகப்பிரசவம்தானே?" என்று கேட்கிறார்கள். "ஆமாம், சுகப்பிரசவம்தான்" என்று பதில் வருகிறது.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் தாயின் நிலை என்ன? அவளால் நேராக உட்கார முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்தே பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது. மலம் கழிக்கப் போவதென்றாலே நடுங்குகிறாள். பார்க்க வந்த பெண்கள் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "எத்தனை தையல்?" என்று கேட்கிறார்கள். அவளும் மெல்லச் சொல்லுகிறாள். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

வயிற்றைக் கிழிக்காமல் பிள்ளை பிறந்தால் அது சுகப்பிரசவம். அந்தச் சுகத்துக்குள் இருக்கும் துன்பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆண்களுக்குத் தெரியாது. பெண்களுக்குத் தெரியும், ஆனால் வாய் திறப்பதில்லை.

இந்தத் துன்பத்தை ஓரளவு குறைக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம். மருந்து வேண்டாம். கொஞ்சம் சுத்தமான எண்ணெயும், சுத்தமான கையும், ஐந்து நிமிடமும் போதும். புதுவையில் பிள்ளை பெறப்போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும்.

வெட்டும் தையலும் எதற்கு?

பிள்ளை வெளிவரும் வாயிலுக்கும் மலவாய்க்கும் நடுவே ஒரு தசைப் பகுதி இருக்கிறது. டாக்டர்கள் அதைப் 'பெரினியம்' என்பார்கள். பிள்ளையின் தலை வரும்போது இந்த இடம் மிகவும் விரிந்து கொடுக்க வேண்டும். தலைச்சன் பிள்ளை என்றால் அந்தத் தசை இதற்கு முன் அப்படி விரிந்ததே இல்லை. ஆகவே பலருக்கு அது கிழிகிறது. சிலருக்குத் தோல் மட்டும் கிழியும். சிலருக்குத் தசையும் சேர்ந்து கிழியும். வெகு சிலருக்கே கிழிசல் மலவாய் வரை போகும்.

தானாகக் கிழியும் முன்பே கத்தரியால் ஓர் ஓரமாக வெட்டிவிடுவதும் உண்டு. 'எபிசியாட்டமி' என்று அதற்குப் பெயர். தாறுமாறாகக் கிழிவதைவிட நேராக வெட்டித் தைப்பது நல்லது என்று நெடுநாள் நம்பினார்கள். சென்ற நூற்றாண்டில் உலகமெங்கும், முக்கியமாகத் தலைச்சன் பிரசவத்தில், இது வழக்கமாகிவிட்டது.

பிற்பாடு ஆராய்ந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் வெட்டுவதால் நன்மை இல்லை என்று தெரிந்தது. தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் வெட்டினால், கடுமையான கிழிசல் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது என்று 2017இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறியது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம், வழக்கமாக எல்லாருக்கும் வெட்டுவதைத் தான் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது.

வெட்டே கூடாது என்பதல்ல இதன் பொருள். பிள்ளையின் இதயத் துடிப்பு குறைகிறது என்றால் டாக்டர் ஒரு நொடியும் தாமதிக்க முடியாது. ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுக்கும்போதும் வெட்டு தேவைப்படலாம். அந்த வெட்டு உயிரைக் காக்கும் வெட்டு. அதைக் குறை சொல்வது நன்றி கெட்ட செயல். தேவை இல்லாதபோதும் பழக்கத்தினால் போடும் வெட்டுத்தான் வேண்டாம்.

அறிவுடைய பெண்

பிரெஞ்சு மொழியில் மருத்துவச்சிக்கு 'சாஜ்ஃபாம்' என்று பெயர். 'அறிவுடைய பெண்' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவைக்கு இந்தச் சொல்லின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

1759ஆம் ஆண்டு. புதுவையில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலம். பிரான்சை 15ஆம் லூயி மன்னர் ஆண்டார். கிராமங்களில் பிரசவத்தின்போது தாயும் பிள்ளையும் மடிவதைத் தடுக்க அவர் ஒரு பெண்ணை நியமித்தார். அந்தப் பெண் அஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி. அவர் துணியாலும் தோலாலும் ஒரு பெரிய பொம்மை செய்தார். கர்ப்பப்பை, பிள்ளை, தொப்புள்கொடி எல்லாம் அந்தப் பொம்மையில் இருந்தன. ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கும் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பொம்மைகளில் ஒன்று பிரான்சின் ரூவான் நகரக் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது.

பெண்ணின் உடலைப் பற்றிப் பெண்ணுக்கு வெளிப்படையாகக் கற்பிக்கலாம் என்பதை அந்த அம்மையார் காட்டினார். வெட்கப்பட்டு மூடி வைத்தால் உயிர் போகும். திறந்து சொன்னால் உயிர் பிழைக்கும். இதுதான் அவர் தந்த பாடம்.

இன்றைய பிரான்சையும் பாருங்கள். 2010இல் அங்கே ஆயுள்ளவரை நினைவில் நிற்கும் இந்த வெட்டு, வயிற்றைக் கிழிக்காமல் பிள்ளை பெற்ற 100 பெண்களில் 27 பேருக்கு விழுந்தது. 2016இல் அது 20 ஆயிற்று. 2021இல் 8 ஆகக் குறைந்தது. எத்தனை பேருக்கு வெட்டினோம் என்று கணக்கு வைத்தார்கள்; தேவைக்கு மட்டும் வெட்டினார்கள். விருப்பமுள்ள கர்ப்பிணிகள் பேறுகாலத்துக்கு முன்பே அந்தத் தசையைத் தடவிப் பழக்குவதை ஊக்குவிக்க வேண்டும் என்றும் பிரான்சு நாட்டு மகப்பேறு டாக்டர்களின் சங்கம் 2018இல் சொன்னது.

புதுவைக்கு மருத்துவக் கல்வி புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் 1823இலேயே இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழியில் வந்ததுதான் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர். 1964 முதல் அது அந்தப் பெயரில் இயங்குகிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிருக்கும் குழந்தைகளுக்கும் என்றே இராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரம், கடலூர் பக்கத்துப் பெண்களும் பிள்ளை பெறப் புதுவைக்கு வருகிறார்கள். புதுவையில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. இது பெரும் பேறு. வீட்டில் மருத்துவச்சி கையில் பெற்ற காலத்தில் எத்தனை தாய்மார் மடிந்தார்கள்! அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே வீட்டில் செய்துகொள்ளக்கூடிய ஆயத்தம் ஒன்று உண்டு. அதைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

ஐந்து நிமிடப் பயிற்சி

கர்ப்பத்தின் 35ஆம் வாரம், அதாவது ஏறக்குறைய எட்டு மாதம் முடிந்து ஒன்பதாம் மாதம் நடக்கும்போது, இதைத் தொடங்கலாம். அதற்கு முன் வேண்டாம். தொடங்கும் முன் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடமோ நர்சிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் சிறுநீர் கழித்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தசை இளகும். நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். இது மிகவும் முக்கியம்.

பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து, முழங்கால்களை மடக்கி விரித்து அமர வேண்டும். முதல் தடவை ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டால் இடம் விளங்கும்.

வாசனை சேர்க்காத சுத்தமான எண்ணெயைப் பெருவிரலில் தடவிக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய் போதும். புதிதாகத் திறந்த புட்டியாக இருந்தால் நல்லது. சமையலறையில் கைபட்டுக் கிடக்கும் எண்ணெய் ஆகாது. வாசனைத் தைலம், மருந்துத் தைலம், வாசலின் ஆகியவையும் வேண்டாம்.

எண்ணெய் தடவிய பெருவிரலை, முதல் கணு அளவுக்குப் பிறப்பு வாயிலுக்குள் வைக்க வேண்டும். கீழ்ப்பக்கமாக, மலவாய் இருக்கும் திசையில், மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு இரு பக்கங்களிலும் அழுத்த வேண்டும். தசை இழுபடுவது தெரியும். ஏறக்குறைய ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்து, மூச்சை மெதுவாக இழுத்து விட வேண்டும். உடம்பை இறுக்கக் கூடாது. அதன்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, கீழ் வழியாகப் பிறை வடிவில், இரண்டு மூன்று நிமிடம் மெல்லத் தடவிக் கொடுக்க வேண்டும்.

மேல்பக்கம் அழுத்தக் கூடாது. அங்கே சிறுநீர்த் துவாரம் இருக்கிறது. மலவாயைத் தொட்ட விரலால் பிறப்பு வாயிலைத் தொடவே கூடாது. இழுபடுவது போன்ற உணர்ச்சி இருக்கலாம். வலி இருக்கக் கூடாது. வலித்தால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். முதல் வாரம் சற்று எரியலாம். நாளடைவில் அது குறையும்.

வயிறு பெரிதாகிக் கை எட்டவில்லை என்றால், அவள் விரும்பினால், கணவர் உதவலாம். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். அவள் உடம்பு, அவள் சொல்லே முடிவு.

நாள் தவறாமல் செய்தாக வேண்டும் என்பதில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையே பலன் தருகிறது. அடிக்கடி செய்வதால் அதிகப் பலன் கிடைக்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை.

தசையை மெத்தென்று ஆக்குவது மட்டுமல்ல இதன் பயன். பிள்ளையின் தலை அழுத்தும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடுகிறது. இழுபடும்போது உடம்பை இறுக்காமல் தளர்த்திக்கொள்ளப் பழகிவிடுகிறாள். பயம் குறைகிறது.

யார் செய்யக்கூடாது?

எல்லாருக்கும் இது ஏற்றதல்ல. கீழ்க்கண்டவர்கள் செய்யக் கூடாது:

கர்ப்பத்தின்போது உதிரம் பட்டவர்கள்.

நஞ்சு கீழே இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னவர்கள்.

கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்களும், குறை மாதத்தில் வலி வரலாம் என்று எச்சரிக்கப்பட்டவர்களும்.

பிறப்புறுப்பில் அரிப்பு, புண், வெள்ளைக் கட்டி போன்ற நோய் உள்ளவர்கள். இவர்கள் முதலில் அதற்கு வைத்தியம் செய்துகொள்ள வேண்டும்.

பனிக்குடம் உடைந்து நீர் போகத் தொடங்கியவர்கள். இவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பலன் எவ்வளவு?

இதைச் செய்தால் தையலே விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உண்மையான கணக்கு இதோ.

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் 1,500க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடத்திய சோதனை 1999இல் வெளியாயிற்று. அதில் முதல் தடவையாக இயற்கையாகப் பிள்ளை பெற்றவர்களில், இந்தப் பயிற்சி செய்த 100 பேரில் 24 பேருக்குக் கிழியவே இல்லை. செய்யாத 100 பேரில் 15 பேர்தான் அப்படித் தப்பினார்கள்.

பிற்பாடு நான்கு சோதனைகளையும் சேர்த்து, ஏறக்குறைய 2,500 பெண்களின் கணக்கை ஆராய்ந்தார்கள். தலைச்சன் பிள்ளைக்காக 15 பெண்கள் இதைச் செய்தால், அவர்களில் ஒருத்திக்குத் தையல் மிச்சமாகிறது என்று தெரிந்தது. கத்தரி வைப்பதும் குறைந்தது. முன்பே இயற்கையாகப் பிள்ளை பெற்றவர்களுக்குத் தையல் குறையவில்லை. ஆனால் பிரசவமாகி மூன்று மாதம் கழித்தும் நீடிக்கும் வலி குறைந்திருந்தது. மலவாய் வரை போகும் பெரிய கிழிசலை இது தடுப்பதாகத் தெரியவில்லை.

15க்கு ஒன்றுதானா என்று சிலர் கேட்கலாம். ஒரு நகரில் ஆண்டு முழுவதும் பிறக்கும் தலைச்சன் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். 15க்கு ஒன்று என்றால் எத்தனை பெண்கள் வலியின்றி உட்கார்ந்து பால் கொடுப்பார்கள்! செலவோ ஒன்றும் இல்லை.

இதைச் செய்தும் தையல் விழுந்துவிட்டால், அது அவளுடைய குற்றமல்ல. பிள்ளையின் எடை, தலை இருக்கும் நிலை, பிரசவத்தின் வேகம் என்று பல காரணங்கள் உண்டு. "நீ சரியாகச் செய்யவில்லை" என்று யாரும் அவளைக் குத்திப் பேசக் கூடாது.

வெட்கம் யாருக்கு?

தமிழ்க் குடும்பத்தில் கர்ப்பிணிக்குக் குறை வைப்பதில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு நடக்கிறது. கை நிறைய வளையல் அடுக்குகிறார்கள். ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போடுகிறார்கள். தாய் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தாங்குகிறார்கள். பிள்ளைக்குத் தூளித் துணி, பழைய வேட்டியில் கிழித்த அணையாடை என்று எல்லாம் எடுத்து வைக்கிறார்கள்.

எல்லாம் சரி. ஆனால் பிள்ளை எந்த வழியாக வரப்போகிறது, அந்த இடத்துக்கு என்ன நேரும், அதை எப்படிப் பழக்குவது என்று அவளுக்கு யாராவது சொல்லுகிறார்களா? பெற்ற தாய்க்கு நா எழுவதில்லை. மாமியாருக்குக் கூச்சம். அக்காளுக்குத் தெரியும், ஆனாலும் "போனால் தெரிந்துகொள்வாய்" என்று சிரித்து மழுப்புகிறாள். பட்ட பிறகு தெரிந்துகொள்ளும் பாடம் என்ன பாடம்?

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள். மறுபிறவி எடுக்கப்போகிறவளிடம் மறைக்க என்ன இருக்கிறது? தன் உடம்பைத் தன் கையால் சுத்தமாகத் தொட்டு ஆயத்தம் செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆகவே வளையல் அடுக்கும் கைகளே இதையும் சொல்லட்டும். தாயோ, அக்காளோ, அத்தையோ, அவளைத் தனியே அழைத்து உட்கார வைத்துச் சொன்னால் போதும்.

கணவர்களுக்கும் ஒரு வார்த்தை. தையல் போட்ட தாய்க்கு ஓய்வு வேண்டும். மலச்சிக்கல் வராமல் கீரை, பழம், தண்ணீர் வேண்டும். வெதுவெதுப்பான நீர் நிறைந்த சுத்தமான தொட்டியில் சிறிது நேரம் உட்கார்ந்தால் வலி தணியும். காய்ச்சல், துர்நாற்றம், சீழ், அதிக உதிரப் போக்கு, மலத்தையோ சிறுநீரையோ அடக்க முடியாமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். "எல்லாருக்கும் வருவதுதான்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிகள் செய்ய வேண்டியவை

கர்ப்பிணிகள் மாதாமாதம் பரிசோதனைக்கு வருகிறார்கள். எடை பார்க்கிறார்கள். இரத்தம் பார்க்கிறார்கள். வரிசையில் வெகுநேரம் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு நர்சு அம்மாள் இந்தப் பயிற்சியைச் சொல்லித்தரலாம். ஒரு பொம்மை போதும். படம் போட்ட தமிழ்ச் சீட்டு ஒன்று கொடுத்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது, பிரசவ அறையில் கத்தரி வைக்கும் முன் அவளிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவசரத்திலும் ஒரு வாக்கியம் சொல்ல நேரம் உண்டு. "பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, சிறிது வெட்ட வேண்டும், சரியா அம்மா?" என்று கேட்டால், எந்தத் தாய் மறுப்பாள்? மரத்துப்போகும் ஊசி போடாமல் வெட்டுவதோ தைப்பதோ கூடவே கூடாது.

மூன்றாவது, பிள்ளையின் தலை வரும் நேரத்தில் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றுவது, கையால் தாங்கிக் கொடுப்பது போன்ற முறைகளையும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. இவற்றுக்கும் பெருஞ்செலவு இல்லை. பொறுமைதான் வேண்டும்.

நான்காவது, கணக்கு. நூறு தலைச்சன் பிரசவத்தில் எத்தனை பேருக்குக் கத்தரி வைத்தார்கள் என்று ஒவ்வொரு பிரசவ ஆஸ்பத்திரியும், அரசாங்கமாயினும் தனியாராயினும், எழுதி வைத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண்ணிப் பார்த்தால்தான் குறையும். பிரான்சில் குறைந்தது அப்படித்தான்.

2018 டிசம்பரில் இந்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. படித்த, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவம் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 200 ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவப் பள்ளி கண்ட புதுவை, இந்தக் காரியத்தில் முந்தி நிற்க வேண்டாமா?

ஒரு பெண் எட்டு மாதம் சுமந்துவிட்டாள். இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அந்த வாரங்களில் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் தனித்திருக்கட்டும். வீட்டார் யாரும் கதவைத் தட்டி வேலை ஏவ வேண்டாம். அவள் சோம்பி இருக்கவில்லை. பிள்ளைக்கு வழி செய்துகொண்டிருக்கிறாள்.